பதினோராம் மதகு வாசலில் நின்ற கடல்

ஜார்ஜ்டவுனில் பதினோராம் மதகின் கதவு ஒரு புதன்கிழமை மத்தியானம் இற்று விழுந்ததும், உள்ளே பாய்ந்து வரவேண்டிய அட்லாண்டிக் பெருங்கடல் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டதும் அந்த நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. யாரிடம் கேட்டாலும், ஆமாம் நின்றது, அதற்கென்ன இப்போது, வெயிலில் நிற்காமல் பஸ்ஸில் ஏறுங்கள் என்பார்கள். ஆனால் கடல் பதினான்கு மாதம் அப்படி நிற்பதற்காக ஒரு பொம்பளையை இந்த ஊர் என்ன பாடு படுத்தியது என்று கேட்டுப் பாருங்கள், தலையைக் குனிந்துகொள்வார்கள். குனியட்டும், குனிய வேண்டியதுதான்.

ஊரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுவோம். தென்னமெரிக்காவின் தலைமாட்டில், தெமராரா ஆறு சேற்றைச் சுமந்துகொண்டு கடலில் விழுகிற இடத்தில், கயானா நாட்டுக்குத் தலைநகரும் துறைமுகமும் தானேயாகக் கிடக்கிற ஊர் அது. வீடுகள் மரக்காலில் நிற்கும். வெள்ளையடித்த மரத்தாலேயே வானம் முட்டக் கட்டிய தேவாலயம் ஒன்று நடுவில் நிற்கும். இரும்பு மணிக்கூண்டு வைத்த சந்தை ஆற்றோரம் நிற்கும், வீதிக்கு வீதி வாய்க்கால் ஓடும், வாய்க்காலில் அல்லி பூக்கும். எல்லாம் அழகுதான், யார் இல்லை என்றது. ஆனால் கடல் ஏறுகிற நேரத்தில் நகரம் கடலுக்குக் கீழே இடுப்பளவு பள்ளத்தில் கிடக்கிறது. டச்சுக்காரன் கோடு போட்டான், இங்கிலீஷ்காரன் பெயர் வைத்தான், சங்கிலியில் கட்டி இழுத்துவந்த ஆப்பிரிக்கர்கள் சேற்றில் நின்று வாய்க்காலையும் கரையையும் வெட்டினார்கள், அவர்கள் விடுதலையாகி நிமிர்ந்ததும் கல்கத்தாவிலிருந்தும் சென்னப்பட்டணத்திலிருந்தும் கப்பல் கப்பலாகக் கூலிகளைக் கொண்டுவந்து அதே சேற்றில் இறக்கினார்கள். வெட்டினவன் பெயரை எத்தனை தெருவுக்கு வைத்தார்கள் என்று எண்ணப் போனால் வயிறுதான் எரியும். இப்போது நடுக்கடலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்து உலகத்துக் கப்பலெல்லாம் வாசலில் வந்து நிற்கிறது, மதகுக் கதவுக்கு மட்டும் நாலு நல்ல பலகை கிடைக்கவில்லை.

மதகென்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கடற்சுவரில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே ஒரு சட்டம், சட்டத்தில் கப்பி, கப்பியில் சங்கிலி, சங்கிலியில் தொங்குகிற தடித்த மரக்கதவு. கடல் வற்றும்போது கதவைத் தூக்கி ஊரின் மழைத்தண்ணீரை வெளியே விடவேண்டும், கடல் ஏறும்போது இறக்கி அடைக்கவேண்டும். நாளுக்கு இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் வற்றும், அந்த நேரத்தை அச்சடித்த பட்டியல் ஒன்று ஆணியில் தொங்கும். பதினோராம் மதகில் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பத்தொன்பது வருஷமாகச் சங்கிலி இழுத்தவள் பூங்காவனம் வீராசாமி. வயது ஐம்பத்திரண்டு, ஒல்லி உடம்பு, ஆனால் வாயைத் திறந்தால் துறைமுகத்துக் கப்பல்காரன் திரும்பிப் பார்ப்பான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் இந்திராணி ஊரின் தென்கோடியில் சித்தப்பன் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தாள். பூங்காவனத்தின் பாட்டனுக்குப் பாட்டன் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த தமிழ் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து அவள் கைக்கு வந்தபோது பதினேழு சொல்தான் மிஞ்சியிருந்தது. மூன்று சாப்பாடு, இரண்டு சாமி, ஒன்று உறவு, மிச்சம் பதினொன்றும் வசவு.

கதவு இற்றுப்போகிறது என்று அவள் நீர்க்கதவு அலுவலகத்துக்கு ஏழு வருஷத்தில் நாற்பத்தொரு கடிதம் எழுதினாள். நாற்பத்தொன்றுக்கும் பதில் வந்தது, தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று. அந்தப் புதன்கிழமை, பௌர்ணமிக் கடலேற்றம், அதாவது ஓதம், சுவரின் உச்சியைத் தொடுகிற நேரத்தில், சங்கிலி அறுந்து கதவு இரண்டாகப் பிளந்து வாய்க்காலில் விழுந்தபோது அவள் தேங்காய்ப்பாலில் வெந்த பயறுசோறு தின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்தைத் தூக்கிக் கடல்மேல் எறிந்தாள். ஓடிப்போய் வாசலுக்கு நடுவில் நின்று, “நில்லுடி, எடுபட்டவளே! கட்டையில போறவளே! நாசமாப் போக!” என்று பதினொன்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு, அது போதாமல் ஊர்ப் பேச்சிலும் திட்டினாள். ஏழு வருஷத்துக் கடிதம் அத்தனையும் தொண்டையில் இருந்தது. கடல் நின்றது. எட்டடி உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில், வாசலை நிறைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் உள்ளே சிந்தாமல் நின்றது. உள்ளிருந்து ஒரு கெளுத்தி மீன் மீசையை ஆட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது.

பக்கத்து வீட்டு மீன்காரி யூலலி ஆடம்ஸ்தான் முதலில் வந்தவள். தண்ணீர்ச் சுவரில் ஒரு விரலை வைத்து நக்கிப் பார்த்து, “உப்பு கொஞ்சம் கம்மி” என்றாள். பிறகு கையை முழங்கைவரை உள்ளே விட்டு அந்தக் கெளுத்தியைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து வலை இல்லாத மீன்பிடிப்பு அங்கே தொழிலானது. வாரத்துக்குள் சவரக்கடைக்காரன் ஒருவன் தண்ணீரில் முகம் தெரிகிறதென்று நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான், கலங்கல் தண்ணீரில் என்ன முகம் தெரிந்ததோ அவனுக்கே வெளிச்சம். பாதிரியார் வந்து பிரார்த்தனையின் பலன் என்றார், பண்டிதர் வந்து பூஜையின் பலன் என்றார், மௌல்வி வந்து இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். தண்ணீர்ச் சுவரில் கட்சிக்காரர்கள் போஸ்டர் ஒட்டினார்கள், அது வழுக்கி வழுக்கி விழுந்தது, இரண்டு கட்சியும் ஒன்றையொன்று கிழித்ததாகச் சண்டை போட்டுக்கொண்டன.

நீர்க்கதவு அலுவலகத்திலிருந்து கிளெமென்ட் லால் என்ற துணைப் பொறியாளர் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, சேறு படாத பூட்ஸ். வாசலை அளந்தார், கடலை அளந்தார், பூங்காவனத்தின் வசவுகளை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போனார். அலுவலகத்தில் அதை அச்சடித்து ஆறு குமாஸ்தாக்களுக்கு மனப்பாடம் செய்வித்து மதகு முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தார்கள். கடல் குமாஸ்தாக்களின் முழங்காலை நனைத்தது. பூங்காவனம் வந்து அந்த வேடிக்கையைப் பார்த்து, கதவு செய்ய ஆளில்லை, கத்த ஆறு பேரா என்று பல்லைக் கடித்ததும் கடல் பின்வாங்கிப் பழைய இடத்தில் நின்றது. சொல்லில் ஒன்றும் இல்லை, அவள் கோபத்தில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. லால் தம் கோப்பில், கதவு உடனடித் தேவை அல்ல என்று எழுதினார்.

அதோடு விட்டார்களா? நல்லது செய்வதாக நினைத்து ஊரே சேர்ந்து ஒரு தப்புச் செய்தது. அவளுக்குப் பாராட்டு விழா வைத்தது. மதகுக்குப் பக்கத்திலேயே பந்தல், எண்ணெய்ப் பீப்பாயில் அடித்துச் செய்த மேளங்களின் இசை, ரம்மில் ஊறிய கறுப்புக் கேக், ரோஜா மாலை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு மனுஷன் அவளைப் பார்த்து நன்றி என்று சொன்னதில்லை. அன்றைக்கு ஆயிரம் பேர் எழுந்து நின்று சொன்னார்கள். பூங்காவனத்தின் கண் கலங்கியது, உதடு ஓரம் லேசாக மேலே போனது, அவ்வளவுதான், மேளக்காரர்களின் செருப்புக்குள் தண்ணீர் புகுந்தது. கேக் மிதந்து போனது. நாலு தெரு முழங்கால் ஆழத்துக்கு முங்கி, கோழிகள் செத்தன. “மிஸ் வீராசாமி, தயவுபண்ணிக் கோபப்படுங்க!” என்று லால் மேஜைமேல் ஏறி நின்று கத்தியபோது, அவர் பூட்ஸைப் பார்த்து அவளுக்குக் கதவு ஞாபகம் வந்து, கடல் பழையபடி போய் நின்றது.

அன்றைக்காவது கதவைச் செய்திருக்கலாம். ரம்பம் இருந்தது, தச்சன் இருந்தான், காட்டில் தண்ணீருக்குள் நூறு வருஷம் இற்றுப்போகாத மரம் இருந்தது. அவர்கள் கோபப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். குழு சட்டம் போட்டது. பூங்காவனத்துக்கு யாரும் காலை வணக்கம் சொல்லக்கூடாது. ரொட்டிக்கடையில் அவளுக்கு நேற்றைய ரொட்டி. மினிபஸ் அவளைக் கண்டால் வேகம் கூட்ட வேண்டும். அவள் காயப்போட்ட துணிமேல் வாரம் ஒரு முறையாவது சேறு விழ வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் குப்பையை அவள் படியில் கொட்ட வேண்டும். மகளைக் கண்டால் மனசு இளகும் என்பதால் இந்திராணி வரக்கூடாது, வந்தால் முனையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். எல்லாம் நாட்டு நலனுக்காக. ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டார்கள், நீர்க்கதவு அலுவலகத்துக்கு மட்டும் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அது எப்போதும்போல இருந்தாலே போதுமானதாக இருந்தது.

ஊர் பழகிக்கொண்டது, அதுதான் பொறுக்க முடியாத விஷயம். முதல் மாதம் துணியில் சேறு வீசினவன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வீசினான், மூன்றாம் மாதம் விசில் அடித்துக்கொண்டே வீசினான். யூலலியும் தினம் மீன் செதிலும் குடலும் நிறைந்த கூடையைக் கொண்டுவந்து பூங்காவனத்தின் படியில் கவிழ்த்தாள், முகத்தைப் பார்க்காமல் கவிழ்த்தாள், பதினெட்டு வருஷம் ஒரே கிண்ணத்தில் குழம்பு மாற்றிக்கொண்டவள். பூங்காவனம் படியைக் கழுவினாள், கழுவும்போது கோபம் வந்தது, கடல் நின்றது. தூக்கத்திலும் பல்லைக் கடித்தாள். மழைக்குப் பிறகு வாய்க்கால் ஓரம் மஞ்சள் குருவி கத்தினால் காதைப் பொத்திக்கொண்டாள், எங்கே மனசு லேசாகிவிடுமோ, எந்த வீட்டுக் குழந்தை முங்கிவிடுமோ என்ற பயம். பாவிகளா, உங்கள் பிள்ளைகளுக்காக அவள் பயந்தாள்! மாதங்கள் போகப்போக அவளுக்கு உள்ளே ஏதோ வறண்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோபப்படுவது இவ்வளவு அலுப்பான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பதினான்காம் மாதம் இந்திராணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி, சித்தப்பன் வீட்டில், தரைக்கும் மரக்கால் மேல் நிற்கிற வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அடிவீட்டில் பந்தல். சேதி வந்த மறுநாளே லால் கோப்போடு வந்துவிட்டார்.

“மிஸ் வீராசாமி, குழு யோசிச்சுப் பார்த்தது. நீங்க அன்னைக்குப் போகவேண்டாம்னு முடிவு.”

“என் மக கல்யாணத்துக்கா?”

“அன்னைக்குப் பெரிய ஓதம். நீங்க அங்க போய் மாலையைப் பார்த்து, மேளத்தைக் கேட்டு, சந்தோஷப்பட்டுட்டீங்கன்னா ஊர் என்னாகும்? போன்ல காட்டச் சொல்றோம். சத்தம் மட்டும் வேண்டாம், சத்தம் கேட்டா மனசு இளகிடும்.”

“கதவு என்னாச்சு, மிஸ்டர் லால்?”

“கோப்பு மரப் பிரிவுல இருக்கு. அவங்க கையெழுத்துப் போட்டதும் ஆணிப் பிரிவுக்குப் போகும்.”

பூங்காவனத்துக்கு நெற்றி நரம்பு புடைத்தது. மதகு வாசலில் எட்டடி நின்ற கடல் மளமளவென்று பின்னால் போய் நாற்பதடி தள்ளி நின்றது, நடுவில் சேறும் நண்டும் தெரிந்தன. லால் எட்டிப் பார்த்து, “பாத்தீங்களா, எவ்வளவு நல்லா வேலை செய்யுது!” என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். மினிபஸ் நிற்காது என்று தெரியும், அதனால் கால்நடையாகவே சந்தைக்குப் போய், மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு கிழங்கு மூட்டைமேல் ஏறி நின்றாள். “எல்லாரும் கேளுங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் என் மக கல்யாணத்துக்குப் போறேன். சாப்பிடுவேன். சிரிப்பேன். நாலு நாள் இருக்கு. மாடி இருக்கிறவங்க இல்லாதவங்களைக் கூப்பிட்டு ஏத்திக்கோங்க. கை இருக்கிறவங்க கதவு செய்யுங்க. அப்புறம் பூங்காவனம் சொல்லலைன்னு யாரும் சொல்லக்கூடாது.”

ஊருக்கு வந்ததே கோபம்! யார்மேல் என்று நினைக்கிறீர்கள், அவள்மேல்தான். சுயநலக்காரி என்றார்கள். தன் ஒரு நாள் சந்தோஷத்துக்கு ஒரு தலைநகரத்தையே முக்கப் பார்க்கிறாள் என்று ரேடியோவில் ஒருவர் அழாத குறையாகப் பேசினார். மாப்பிள்ளையைக் கடத்திவிடலாமா என்று குழு ஒரு மணி நேரம் விவாதித்தது. அரிசி மூட்டையும் மெத்தையும் மாடிக்கு ஏறின, ரப்பர் பூட்ஸ் கடையில் வரிசை நின்றது. கதவு செய்ய ஒரு கை கிளம்பவில்லை, அது அலுவலகத்தின் வேலை என்று எல்லாரும் சொன்னார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் யூலலி வந்தாள். கையில் கூடை இல்லை. குழு சட்டம் போட்ட பிறகு முதல் தரம் பூங்காவனத்திடம் வாயைத் திறந்தாள்.

“பூங்கா, என் மாமியார் படுத்த படுக்கை. என் வீடு தரையோட இருக்கு. கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியாதா?”

“எங்கிட்ட வந்து கேக்கிறியே, அந்த ஆபீசுல போய்க் கேட்டியா?”

யூலலி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

“உன் மாமியாரை என் மாடிக் கட்டில்ல கொண்டுவந்து படுக்க வை, சாவி தரேன்” என்றாள் பூங்காவனம். “ஆனா ஒண்ணு கேக்கிறேன், யூலலி. தினம் தினம் மீன் குடலைச் சுமந்துட்டு வந்து என் படியில கொட்டினியே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதைக் கொண்டுபோய் அவங்க படியில கொட்டணும்னு உனக்குத் தோணவே இல்லையா?”

யூலலி சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் நீலச் சேலை கட்டிக்கொண்டு ஊரைக் குறுக்கே நடந்து போனாள். வீடுகளின் மாடிகளிலிருந்து சனங்கள் அவளைப் பார்த்து ஜன்னலைச் சாத்தினார்கள். கல்யாண வீட்டில் தப்பு மேளம் முழங்கியது. இந்திராணி மணவறையிலிருந்து எழுந்து ஓடிவந்து, “மா, மெலிஞ்சுட்டியேம்மா!” என்று கட்டிக்கொண்டாள். பூங்காவனத்துக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. முகம் பழக்கதோஷத்தில் இறுகியே கிடந்தது. மாலை மாற்றினார்கள், அவள் பார்த்தாள். தாலி கட்டினார்கள், அதையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபமும் வற்றிப்போய் வருத்தம்தான் வந்தது, பதினான்கு மாதத்தில் தன் மகளை மறந்தேபோகும்படி செய்துவிட்டார்களே என்று. பந்தியில் உட்காரவைத்து, அகலமான அல்லி இலையில் சோறும் ஏழு கறியும் பரிமாறினார்கள். பூசணிக்காயைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

எதிர்ப்பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். கோட்டு, சூட்டு, கழுத்தில் டை, அதற்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் படகுக்காரர் போடுகிற மிதவைச் சட்டை. அவர் பக்கத்தில் அவர் சம்சாரம், பட்டுச்சேலை, இடுப்பைச் சுற்றி லாரி டயரின் ட்யூப், அது இலைக்கும் வாய்க்கும் நடுவில் மறித்துக்கொண்டு நிற்க, அந்த அம்மாள் கழுத்தை நீட்டி நீட்டிப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். பூங்காவனத்துக்கு வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ குமிழ்விட்டது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வாயில் இருந்த பூசணிக்காய் சிதற, கண்ணில் தண்ணீர் ஓட, பக்கத்தில் இருந்தவள் தோளில் அடித்து அடித்து அவள் சிரித்தாள்.

தப்பு நின்றது. பந்தியில் இருந்த நூற்றைம்பது பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். இந்திராணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

தண்ணீர் வரவில்லை. ஐந்து நிமிஷம் காலைத் தூக்கியபடியே இருந்தார்கள், தொடை வலித்தது, இறக்கினார்கள். தரை காய்ந்து கிடந்தது. பூங்காவனம் எழுந்து வாசலுக்கு வந்தாள். வடக்கே, கடற்சுவர்ப் பக்கம், பெரிய இரைச்சல் கேட்டது. அலை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்போது கொழுந்தன் மகன், அரிசி ஆலையில் வேலை செய்கிற மனோகரன், மோட்டார் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து இறங்கினான்.

“பெரியம்மா, மதகு வாசல்ல ரெண்டாயிரம் பேர்! நாலு மணிக்குத் தண்ணி சாய ஆரம்பிச்சுது. குழுக்காரங்க கடலைத் திட்டினாங்க, ஊரே சேர்ந்து திட்டிச்சு, அது பாட்டுக்கு ஏறி முழங்காலுக்கு வந்துட்டுது. கடல்மேல யாருக்கு என்ன கோபம், சொல்லுங்க? அப்ப மீன்கார மிஸ் ஆடம்ஸ் கூடையோட வந்தாங்க. கடலைப் பாக்கவே இல்ல. நேரா லால்கிட்ட போய், கூடையை அவர் தலையில கவுத்தாங்க.”

“குடலோடவா?”

“குடல், செதில், எல்லாம். கவுத்துட்டு ஆரம்பிச்சாங்க பாருங்க! ஒரு கதவு, ஒரே ஒரு கதவு செய்யாம, என் சிநேகிதி வாசல்ல என்னைக் குப்பை கொட்ட வச்சியேடா பாவின்னு. அப்புறம் ரொட்டிக்கடைக்காரர் ஆரம்பிச்சார். அப்புறம் மினிபஸ் ஓட்டுறவங்க. லைட்டு இல்லாததை, ரோடு இல்லாததை, ஆஸ்பத்திரியில கட்டில் இல்லாததை, எண்ணெய்க் கப்பலுக்கு விளக்குப் போட்டுட்டு எங்க தெருவை இருட்டுல போட்டதை, ஒண்ணு பாக்கி இல்ல. கடல் அப்படியே நின்னுது. அப்புறம் பின்னால போச்சு. போச்சு, போச்சு, கண்ணுக்கே தெரியல. துறைமுகத்துல கப்பலெல்லாம் சேத்துல உக்காந்துகிட்டு இருக்கு. இப்ப இத்துப்போன கதவைத் தோள்ல தூக்கிட்டு ஆபீசைப் பாத்து நடக்கிறாங்க. தச்சனும் கூடவே போறான். உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

பூங்காவனம் வடக்குப் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். இரைச்சல் நகர்ந்துகொண்டிருந்தது.

“நான் வரலை” என்றாள். “எனக்கு இன்னும் ஆறு கறி பாக்கி இருக்கு. நீ போய் ஒண்ணு மட்டும் சொல்லு. கதவு மாட்டினதும் வீட்டுக்குப் போயிடாதீங்கன்னு சொல்லு.”

மனோகரன் வண்டியை உதைத்துக் கிளப்பினான். அவள் உள்ளே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தப்புக்காரர்களைப் பார்த்து, “ஏன் நிறுத்திட்டீங்க, அடிங்க” என்றாள்.